0-5 என்று தொடங்கிய லேக்கர்ஸ்: பொறுப்பதா, பெஞ்சில் உட்காரவைப்பதா, கைமாற்றுவதா?

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கும் நண்பர்களுக்குள் ஒரு சண்டை நிச்சயம். சீசன் தொடங்கி ஐந்து ஆட்டம்தான் ஆகியிருக்கும். அதற்குள் ஒருவர் "இந்த ஆளை முதல்ல தூக்கு" என்பார். இன்னொருவர் கோச்சை மாற்றச் சொல்வார். மூன்றாமவர், "82 ஆட்டம் இருக்கு, கொஞ்சம் பொறுங்கப்பா" என்பார். மூவரும் அவரவர் வகையில் சரியாகத்தான் பேசுவார்கள், அதனால் சண்டை முடியவே முடியாது.

உங்கள் அணி தொடக்கத்திலேயே தடுமாறினால் எந்தப் பக்கம் நிற்பது? பொதுவாகப் பதில் சொன்னால் ஒன்றும் நிற்காது. முடிவு தெரிந்த ஒரு சீசனை எடுத்துக்கொண்டு, அன்று மேசையில் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்வது 2022-23 லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். அன்று நான் எந்தக் கட்சியில் இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

## அந்த ஐந்து ஆட்டங்கள்

முதல் ஆட்டம் சாம்பியன் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுடன். நம் ஊரில் காலைக் காபி நேரம். 123-109 என்று தோல்வி. மூன்று புள்ளி வீச்சு (தூரக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) 40 முயன்று 10தான் விழுந்தது. அடுத்து கிளிப்பர்ஸுடன் 103-97. அதில் 45 முயன்று 9. இரண்டு ஆட்டமும் சேர்த்து 85க்கு 19. கல்லூரி மைதானத்தில் மாலையில் ஆடுகிறவர்கள்கூட இதைக் கேட்டால் சிரிப்பார்கள். முதல் ஆட்டம் முடிந்ததுமே லேக்கர்ஸின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ், தூரத்திலிருந்து எறிகிற ஆட்களை வைத்துக் கட்டிய அணி இதுவல்ல என்ற பொருளில் பேசிவிட்டார்.

கிளிப்பர்ஸ் ஆட்டத்தில் லேக்கர்ஸின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 11 முறை எறிந்து ஒன்றுகூடப் போடவில்லை. மூன்றாவது ஆட்டம் போர்ட்லாண்டுடன். கடைசி அரை நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னிலை, கையில் பந்து, நேரத்தைக் கடத்தினாலே பாதி வேலை முடிந்தது. வெஸ்ட்புரூக் அவசரமாக ஒரு ஜம்ப் ஷாட் எடுத்தார், விழவில்லை. 106-104 என்று தோல்வி. அப்புறம் டென்வரிடம் ஒன்று, மினசோட்டாவிடம் ஒன்று. 0-5, அதாவது வெற்றி பூஜ்யம், தோல்வி ஐந்து.

வெஸ்ட்புரூக் சாதாரண ஆள் இல்லை. 2017இன் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்). நான்கு சீசன்களில் டிரிபிள் டபுளை (புள்ளி, விழாத பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டு, புள்ளிக்கு வழிசெய்யும் அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம்) சராசரியாகவே வைத்திருந்தவர். அந்த ஆண்டுச் சம்பளம் 4.7 கோடி டாலர். அவரை வாங்க 2021இல் லேக்கர்ஸ் கொடுத்தது கைல் குஸ்மா, கென்டேவியஸ் கால்டுவெல்-போப், மான்ட்ரெஸ் ஹாரெல், கூடவே ஒரு முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது கிடைக்கும் ஒரு வாய்ப்பு). அந்த ஒரு சம்பளமும் லெப்ரான், இன்னொரு நட்சத்திரம் அந்தோணி டேவிஸ் இருவர் சம்பளமும் போக, மிச்ச இடங்களைக் குறைந்த சம்பளக்காரர்களை வைத்துத்தான் நிரப்ப முடிந்தது. தூரத்திலிருந்து எறிகிற ஆள் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது?

வெற்றி-தோல்விக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் பார்ப்பது இவற்றை:

தோல்வியின் தன்மை. நல்ல வாய்ப்பு கிடைத்தும் பந்து விழவில்லையா, நல்ல வாய்ப்பே கிடைக்கவில்லையா? முன்னது தானாகச் சரியாகும், பின்னது ஆகாது. லேக்கர்ஸ் விஷயத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. எதிரணிகள் வேண்டுமென்றே வழிவிட்டன. "எறி, பார்ப்போம்" என்று தள்ளி நின்றன. தள்ளி நின்றவர்கள் கூடைக்கு அடியில் கூட்டமாக நின்றதால், லெப்ரானும் டேவிஸும் உள்ளே நுழைய வழியில்லை.

திரும்ப எடுக்க முடியுமா? இன்று எடுத்த முடிவை அடுத்த வாரம் மாற்ற முடிந்தால், தவறினாலும் நஷ்டம் குறைவு.

யார் கணக்கில் செலவு? இந்த ஆண்டு அணியா, ஐந்தாண்டு கழித்து வரப்போகும் அணியா? லெப்ரானுக்கு அந்த டிசம்பர் 30 அன்று 38 வயது. இதை மறந்துவிட்டு எந்த யோசனையும் சொல்லக்கூடாது.

கடைசி ஐந்து நிமிடம். தொடக்க ஐவர் யார் என்றுதான் எல்லோரும் அடித்துக்கொள்வோம். ஆட்டத்தை முடிக்கிற ஐவர் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

## வழி 1: பொறுத்துக்கொள்வது

பொறுமைக் கட்சிக்காரர்கள் எப்போதும் காட்டும் உதாரணம் 2010-11 மயாமி ஹீட். லெப்ரான், டுவேன் வேட், கிறிஸ் போஷ் மூவரும் சேர்ந்த முதல் சீசன். 17 ஆட்டம் முடிந்தபோது 9-8. டாலஸிடம் தோற்ற ஆட்டத்தில் லெப்ரான் கோச் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவின் தோளில் இடித்துக்கொண்டு போன காட்சியை வைத்து ஊரே தீர்ப்பு எழுதியது. மயாமி யாரையும் மாற்றவில்லை. அடுத்த 12 ஆட்டமும் வெற்றி. 58-24 என்று முடித்து இறுதிச் சுற்று வரை போனது. அங்கே அதே டாலஸிடம் தோற்றது வேறு கதை.

ஆனால் 9-8 என்று இருந்தபோதே, கூட்டிக் கழித்தால் மயாமி எதிரணிகளைவிட அதிகப் புள்ளிதான் எடுத்திருந்தது. சரக்கு இருந்தது, இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். 2022 லேக்கர்ஸிடம் சரக்கே இல்லை. தடுப்பாட்டம் மட்டும் அந்த வாரங்களில் லீகின் மேல்வரிசையில் இருந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எறியத் தெரியாத ஆள் பொறுத்திருந்தால் எறியக் கற்றுக்கொள்வாரா?

பொறுமைக்கு மறைமுகச் செலவும் உண்டு, அது ஏப்ரலில்தான் தெரியும். லேக்கர்ஸ் கடைசியில் 43-39 என்று மேற்குப் பிரிவில் ஏழாமிடத்தில் முடித்தது. ஐந்தாமிடம் கிளிப்பர்ஸ், ஆறாமிடம் வாரியர்ஸ், இரண்டுமே 44-38. ஒரே ஒரு வெற்றி வித்தியாசம். ஆறுக்குள் இருந்தால் நேராகப் பிளேஆஃப் (கோப்பைக்கான சுற்றுகள்) போகலாம், தகுதிக்காக ஆடும் பிளே-இன் ஆட்டம் என்ற தலைவலியே இல்லை. போர்ட்லாண்டிடம் இரண்டு புள்ளியில் விட்ட அந்த அக்டோபர் ஆட்டம் உங்களுக்கு நினைவுக்கு வரும்.

*எப்போது சரி:* புது ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், புள்ளி வித்தியாசம் நன்றாக இருக்கிறது, முக்கிய ஆள் காயத்திலிருந்து திரும்பப்போகிறார் என்றால்.

## வழி 2: பெஞ்சிலிருந்து இறக்குவது

எனக்கு இதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. அன்று நானும் இதைக் குறைவாகத்தான் மதித்தேன்.

அதாவது வெஸ்ட்புரூக்கைத் தொடக்க ஐவரில் வைக்காமல், நடுவில் மாற்று ஆளாக இறக்குவது. கணக்கு எளிது. லெப்ரானும் வெஸ்ட்புரூக்கும் கையில் பந்து இருந்தால்தான் பயன்படுவார்கள். இருவரும் சேர்ந்து நின்றால் ஒருவர் சும்மா நிற்க வேண்டும். லெப்ரான் சும்மா நின்றால் அநியாயம். வெஸ்ட்புரூக் சும்மா நின்றால் அவரைக் காவல் காக்க ஆளே தேவையில்லை, ஏனென்றால் மூன்று புள்ளி வீச்சில் அவருடைய வாழ்நாள் சராசரி 30 சதவீதத்தை ஒட்டித்தான். அவரைக் காக்க வேண்டியவர் போய் டேவிஸின் வழியை அடைத்துவிடுவார். ஆகவே இருவரையும் பிரித்து வைப்பதே நல்லது. லெப்ரான் ஓய்வெடுக்கும் நேரத்தில் வெஸ்ட்புரூக் வந்து தன் வேகத்தில் ஓடட்டும், எதிரணியின் இரண்டாம் வரிசையை அலைக்கழிக்கட்டும்.

காசு செலவில்லை, பிக் போகவில்லை, பிடிக்காவிட்டால் அடுத்த ஆட்டத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். கோச் டார்வின் ஹாமுக்கு அது முதல் சீசன். பயிற்சி ஆட்டங்களின் கடைசியில், சாக்ரமென்டோவுடன், இதைச் சோதித்துப் பார்த்தார். வெஸ்ட்புரூக் தொடைத் தசை பிடித்துக்கொண்டு வெளியேறினார். பெஞ்சில் உட்கார்ந்து பழக்கமில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பிறகு அவரே சொன்னார். சிரித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் பதினான்கு வருடமாக ஒரே மாதிரி உடம்பைச் சூடேற்றி இறங்கியவருக்கு அது நிஜமாகவே பெரிய மாற்றம்தான். அறிமுக சீசனுக்குப் பிறகு அவர் ஆட்டத்தைத் தொடங்காமல் இருந்ததே இல்லை.

முன்னுதாரணம் என்றால் 2014-15 வாரியர்ஸ். ஆண்ட்ரே இகுவாடலா அதுவரை ஆடிய 758 ஆட்டத்தையும் தொடக்க ஐவரில் ஒருவராகவே ஆடியவர். புதிதாக வந்த ஸ்டீவ் கெர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து ஹாரிசன் பார்ன்ஸை முன்னால் கொண்டுவந்தார். டேவிட் லீ காயம்பட்டதால் டிரேமண்ட் கிரீனுக்கு இடம் கிடைத்தது. 67-15. இறுதிச் சுற்றில் 2-1 என்று பின்தங்கியதும், நான்காவது ஆட்டத்தில் சென்டர் (கூடைக்கு அடியில் ஆடும் உயரமான ஆள்) ஆண்ட்ரூ போகட்டை நிறுத்திவிட்டு இகுவாடலாவைத் தொடக்கத்தில் இறக்கினார் கெர். அடுத்த மூன்றும் வெற்றி, கோப்பையும் வந்தது, இறுதிச் சுற்றின் எம்.வி.பி. விருதும் இகுவாடலாவுக்கே. பெஞ்ச் என்பது தண்டனை அல்ல என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. (வெஸ்ட்புரூக் 11க்கு 0 போட்ட அதே ஆட்டத்தில், காயம் ஆறித் திரும்பிய கவாய் லெனர்ட் கிளிப்பர்ஸுக்குப் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார். அவருக்கு அவமானம் என்று யாரும் பேசவில்லை. நட்சத்திரம் தானே சம்மதித்து உட்கார்ந்தால் பெருந்தன்மை, சொல்லி உட்காரவைத்தால் வீழ்ச்சி. ரசிகர்களான நாம் அப்படித்தான்.)

சரி, மறைமுகச் செலவு என்ன? ஒன்று, மனசு. அவர் முகம் கோணினால் உடைமாற்றும் அறையே கெட்டுப்போகும். இரண்டாவது செலவை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை: ஆட்டத்தை முடிக்கும்போது அவர் களத்தில் இருக்க வேண்டுமா? பெஞ்சிலிருந்து வந்து 18 புள்ளி எடுத்துவிட்டால், நான்காம் காற்பகுதியின் கடைசியில் அவரை வெளியே அழைப்பது கோச்சுக்குச் சுலபமில்லை. போர்ட்லாண்டு ஆட்டத்தில் கையைச் சுட்டது அந்தக் கடைசி நிமிடம்தானே!

நடந்தது என்னவென்றால், மினசோட்டா ஆட்டத்திலிருந்து அவர் பெஞ்சுக்குப் போனார். அடுத்த ஆட்டத்திலேயே டென்வரை 121-110 என்று வென்று லேக்கர்ஸ் முதல் வெற்றியைப் பெற்றது. வெஸ்ட்புரூக் 18 புள்ளி, 8 ரீபவுண்டு, 8 அசிஸ்ட். முகமும் கோணவில்லை. அந்த அணிக்காக அந்த சீசனில் ஆடிய 52 ஆட்டங்களில் அவர் தொடங்கியவை அந்த முதல் மூன்று மட்டும்தான்.

ஆனாலும் அணி 2-10 வரை சரிந்தது. இருக்கிற ஆட்களை ஒழுங்காகப் பிரித்து அடுக்கத்தான் இந்த வழி உதவும். இல்லாத ஆளை இது கொண்டுவந்து தராது.

*எப்போது சரி:* ஆட்கள் ஒருவர்மீது ஒருவர் இடறுகிறார்கள், ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் தேறுகிறார்கள் என்றால். என்னைக் கேட்டால், முதலில் இதை முயலாமல் வேறு எதற்கும் போகக்கூடாது.

## வழி 3: உடனே கைமாற்றுவது

அன்று எல்லோர் வாயிலும் இருந்த பெயர்கள் இண்டியானா பேசர்ஸின் மைல்ஸ் டர்னரும் படி ஹீல்டும். வெஸ்ட்புரூக்கையும் 2027, 2029 முதல் சுற்று பிக் இரண்டையும் கொடுத்தால் இருவரும் வருவார்கள் என்பது பேச்சு. காகிதத்தில் இதைவிடப் பொருத்தம் இல்லை. ஹீல்டு தூரத்திலிருந்து எறிவதற்கென்றே பிறந்தவர். டர்னர் கூடையைக் காப்பார், வெளியே நின்றும் எறிவார். அவர் வந்தால் டேவிஸ் சென்டராக ஒவ்வொரு ராத்திரியும் அடிபட வேண்டியதில்லை.

நான் இந்தக் கட்சி. "ரெண்டு பிக்கையும் கொடுத்துத் தொலையுங்கள், 2029இல் யார் இருக்கப்போகிறோம்" என்று நண்பர்கள் குழுவில் எழுதினேன்.

அந்த இரண்டு ஆண்டுகள் மட்டும் ஏன் பேச்சில் வந்தன? டேவிஸை வாங்கியபோது நியூ ஆர்லியன்ஸுக்குப் பிக்குகள் ஏற்கெனவே போயிருந்தன. மேலும், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றை ஒரு அணி மொத்தமாகக் கைவிட முடியாது. 1980களில் கிளீவ்லாண்டு முதலாளி டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி. அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆக, லேக்கர்ஸிடம் மிச்சமிருந்த நகை இந்த இரண்டுதான்.

உடனே கைமாற்றி வென்றவர்களும் உண்டு. 2014-15 கிளீவ்லாண்டு கேவலியர்ஸ் ஜனவரியில் 19-20 என்று கிடந்தது. ஜே.ஆர். ஸ்மித், இமான் ஷம்பர்ட், டிமோஃபே மோஸ்கோவ் மூவரையும் அந்த மாதம் கொண்டுவந்தார்கள். மோஸ்கோவுக்கு மட்டும் இரண்டு முதல் சுற்று பிக். மிச்ச ஆட்டங்களில் 34-9, இறுதிச் சுற்று வரை போனார்கள். ஆனால் அதில் ஒரு பங்கு, காயத்தால் எட்டு ஆட்டம் உட்கார்ந்திருந்த லெப்ரான் திரும்பியதற்கு உரியது. கைமாற்றத்தால்தான் எல்லாம் மாறியது என்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

மறைமுகச் செலவு: அக்டோபரில் விலை ஏறியிருக்கும். 0-5 என்று நிற்கிறவன் கடைக்கு வந்தால் கடைக்காரனுக்குத் தெரியாதா, இவனுக்கு அவசரம் என்று? பிப்ரவரியில் அப்படி இல்லை. நம்பிக்கை இழந்த அணிகள் தாங்களே சரக்கைக் கொண்டுவந்து வைக்கும். இன்னொன்று, டர்னரின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிவதாக இருந்தது. இரண்டு பிக் கொடுத்து வாங்கிய ஆள் ஜூலையில் கைகுலுக்கிவிட்டுப் போயிருந்தால்?

*எப்போது சரி:* குறை இன்னதென்று தெளிவாகத் தெரிகிறது, அந்தக் குறையைத் தீர்க்கிற ஆள் கிடைக்கிறார், விலை ஒரு பிக்கோடு நிற்கிறது என்றால்.

## வழி 4: கோச்சை மாற்றுவது

இதை நீட்ட வேண்டியதில்லை. லேக்கர்ஸே 2012இல் இதைச் செய்து பார்த்திருக்கிறது. கோபி பிரையன்ட், ஸ்டீவ் நாஷ், டுவைட் ஹோவர்ட், பாவ் கசோல் என்று பெரிய பெரிய பெயர்கள். 1-4 என்றதும் மைக் பிரவுனை அனுப்பிவிட்டு மைக் டான்டோனியைக் கொண்டுவந்தார்கள். நாஷ் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து உட்கார்ந்துவிட்டார், ஹோவர்ட் முதுகு அறுவை முடிந்து வந்தவர். இதற்கு எந்த கோச் வந்து என்ன செய்வார்? 45-37 என்று தட்டுத்தடுமாறி பிளேஆஃப் போய், சான் அன்டோனியோவிடம் 4-0 என்று வெளியேறினார்கள்.

2022இல் ஹாம் வந்தே சில மாதம்தான். அவருக்கு முந்தைய ஃபிராங்க் வோகலை 33-49 சீசனுக்காக அந்த ஏப்ரலில்தான் அனுப்பியிருந்தார்கள். கோச் போய்விட்டார், எறியத் தெரியாத அணி அப்படியே இருந்தது.

*எப்போது சரி:* ஆட்டக்காரர்கள் கோச் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்றால். ஐந்து ஆட்டத்தில் அது வெளியிலிருந்து நமக்குத் தெரியவே தெரியாது.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் குறைக்கு மருந்து | திரும்ப எடுக்கலாமா | மறைமுகச் செலவு | முன்னுதாரணம் |
|---|---|---|---|---|
| பொறுப்பது | சேர்க்கை இன்னும் கூடாதது | எப்போதும் | ஏப்ரலில் ஒரு வெற்றி குறையும் | மயாமி 2010-11 |
| பெஞ்ச் | ஆட்கள் இடறிக்கொள்வது | அடுத்த ஆட்டத்திலேயே | மனக்கசப்பு, கடைசி ஐவர் குழப்பம் | வாரியர்ஸ் 2014-15 |
| கைமாற்றம் | ஆளே இல்லாதது | முடியாது | அவசர விலை, எதிர்கால பிக் | கேவலியர்ஸ் 2014-15 |
| கோச் மாற்றம் | பேச்சு எடுபடாதது | முடியாது | புதிய பாணி பழகும் காலம் | லேக்கர்ஸ் 2012-13 |

## லேக்கர்ஸ் என்ன செய்தது?

வரிசையாகச் செய்தது. முதலில் பெஞ்ச். அப்புறம் பொறுமை: 2-10இலிருந்து அடுத்த பத்தில் எட்டை வென்று 10-12 வரை வந்தார்கள், டேவிஸ் அசுர ஆட்டம் ஆடினார், பிறகு காலில் காயம் பட்டு உட்கார்ந்தார். ஜனவரியில் சின்னச் செலவில் ரூய் ஹச்சிமுரா. வாஷிங்டனுக்குக் கொடுத்தது கென்ட்ரிக் நன், மூன்று இரண்டாம் சுற்று பிக். கடைசியாக, ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான பிப்ரவரி கெடு முடியும் தறுவாயில் மூன்று அணிகள் சேர்ந்த கைமாற்றம். வெஸ்ட்புரூக் யூட்டா ஜாஸுக்குப் போனார். டி'ஆஞ்சலோ ரஸ்ஸல், மாலிக் பீஸ்லி, ஜாரெட் வாண்டர்பில்ட் வந்தார்கள். இதற்கு லேக்கர்ஸ் கொடுத்த முதல் சுற்று பிக் ஒன்றே ஒன்று, 2027. அதுவும் முதல் நான்கு இடத்துக்குள் விழுந்தால் கொடுக்க வேண்டியதில்லை என்ற காப்போடு.

அன்று கணக்கு 25-30. மிச்சம் 18-9. பிளே-இன்னில் மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் வென்று, மெம்ஃபிஸை 4-2, வாரியர்ஸை 4-2 என்று தாண்டி, மேற்கு இறுதியில் டென்வரிடம் 4-0 என்று தோற்று நின்றார்கள். 0-5 என்று தொடங்கிய அணி!

டர்னரும் ஹீல்டும் அக்டோபரிலேயே வந்திருந்தால் டென்வரை வென்றிருப்பார்களா என்று இன்றும் எங்கள் குழுவில் வாதம் நடக்கும். 38 வயது லெப்ரானின் ஒரு சீசனுக்கு விலையே கிடையாது என்று சொல்பவரோடு நான் இப்போதும் முழுசாகச் சண்டைபோட மாட்டேன். அது ஒரு நியாயமான கட்சி. ஆனால் பெஞ்ச் என்ற செலவில்லாத மருந்தைக் கொடுத்துப் பார்க்காமலே நகையை அடகு வைக்கச் சொன்ன என் கட்சி தவறு.

கையில் மிஞ்சிய அந்த 2029 பிக் என்ன ஆனது தெரியுமா? 2025 பிப்ரவரி தொடக்கத்தில், அந்தோணி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி இருவரோடும் சேர்ந்து டாலஸுக்குப் போனது. பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர், லீகின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான லூகா டான்சிச். செய்தி வந்த அன்று நண்பர் ஒருவர், 2022 அக்டோபரில் நான் எழுதிய "கொடுத்துத் தொலையுங்கள்" வரியைத் தேடி எடுத்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் எனக்கே திருப்பி அனுப்பினார்.